மூடி போட்ட உறை

பெல்ட்டில் மாட்டும் கைவிலங்கு உறையை வாங்குகிறவர்கள் தோலா, நைலானா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது மூடியைத்தான். மூடி இல்லாவிட்டால் விலங்கு பாதி வெளியே தெரியும், நடக்க நடக்கக் கிலுகிலுக்கும், கூட்டத்தில் எவன் கையாவது அதன்மேல் விழும். வெல்க்ரோ வைத்தது அதைவிட மோசம். பிரித்தால் நீதிமன்றமே திரும்பிப் பார்க்கும். பிரஸ் பட்டன் வைத்து, இடுப்போடு ஒட்டிக் கிடக்கிற, கெட்டியான உறைதான் நல்லது. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் சார். நான் யோசித்துத்தான் வாங்கினேன்.

குற்றம் சாட்டப்பட்டவர்களை வேனிலிருந்து கூண்டுக்கும், கூண்டிலிருந்து வேனுக்கும் கூட்டிப் போவது என் வேலை. ஆளுக்கு ஒரு விலங்கு கொடுத்திருந்தார்கள். காலையில் வரிசையில் நிற்கும்போது மேலதிகாரி ஒவ்வொருவர் பெல்ட்டையும் பார்ப்பார். பெண்கள் இடுப்பில் கைவைத்துத் துழாவ மாட்டார். பார்வையோடு சரி. அந்த விஷயத்தில் மரியாதை தெரிந்தவர்.

சீருடைச் சாமான் கடைக்காரரும் நல்ல மனிதர். இருந்த உறைகளையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினார்.

"உங்க விலங்கப் போட்டுப் பாருங்கம்மா. கச்சிதமா உக்காரணும்."

"கொண்டு வரல," என்றேன்.

கடையில் இருந்த ஒன்றைக் கொடுத்தார். போட்டு மூடிப் பார்த்தேன். பிறகு விலங்கை எடுத்துவிட்டு மூடிப் பார்த்தேன். பல உறைகள் காற்றுப் போன பலூன் மாதிரி தொங்கின. ஒன்று மட்டும் உள்ளே விலங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விறைப்பாக நின்றது.

"என்னம்மா, காலி உறையவா மாட்டிக்கிட்டுப் போகப் போறீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதையே வாங்கிக்கொண்டேன். எடைக்கு ஒரு பழைய பூட்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். விலங்கு வீட்டில் தேவைப்பட்டது.

அம்மாவுக்கு மறதி. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். டாக்டரிடம் காட்டவில்லை. கூடவே இருக்கிற மகளுக்குத் தெரியாதது டாக்டருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பேருந்து நிலையத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்டே?"

"அண்ணன் வீட்டுக்குத்தான் பாப்பா. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். பேரப்புள்ளைங்கள பாக்கணும் போல இருக்கு."

கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அண்ணன் வேறு ஊரில் இருக்கிறான். அப்பா போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்தான். வந்த வரன்களெல்லாம் தட்டிப்போனதும் அதனால்தான். குறையாகச் சொல்லவில்லை. அவன் எப்போதாவது வருவான், வந்தால் ஒரு பை பழம் கொண்டுவருவான். அம்மா அதைத் தின்னவும் மாட்டாள், தரவும் மாட்டாள். அழுகும்வரை வைத்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டுவாள். நான் தினமும் சமைத்துப் போட்டதை எடுத்துக் காட்ட முடியாது இல்லையா?

அந்த வாரமே அண்ணன் போன் செய்தான். "அம்மாவ அனுப்பி வையேன். உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

"அவங்க உடம்புக்குப் பயணம் தாங்காதுண்ணா," என்றேன். சரி என்றான். இன்னொரு முறை கேட்கவில்லை. அவன் சுபாவம் அது.

முதலில் வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அம்மா ஜன்னல் வழியாகக் கீழ்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டாள். அவள் பூட்டு ரிப்பேர்காரரை அழைத்து வந்து திறக்க வைத்துவிட்டாள். மறுபடியும் பேருந்து நிலையம். மறுபடியும் அதே துணிப்பை. அதற்கப்புறம்தான் உறை வாங்கினேன்.

இடது கையைக் கட்டில் சட்டத்தோடு மாட்டுவேன். வலது கை சாப்பிட வேண்டுமே. மணிக்கட்டில் பருத்தித் துணி சுற்றி, விலங்கு மேற்கொண்டு இறுகாமல் இருக்க அதிலிருக்கிற சின்னப் பூட்டு ஊசியையும் அழுத்திவிடுவேன். தண்ணீர், சாப்பாடு, ஒரு வாளி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஜன்னலைச் சாத்திவிடுவேன். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் மேலே கூப்பிட்டால் கேட்காது. அம்மா ஊருக்குப் போய்விட்டதாகத் தையல்காரியிடம் சொல்லிவைத்தேன். "நல்லதாப் போச்சு. பாவம், எவ்வளவு ஆசப்பட்டாங்க," என்றாள்.

முதல் நாள், "என்னடி இது, நான் என்ன திருடியா?" என்று கேட்டாள். மறுநாள், "நான் எங்கயும் போகல பாப்பா, கழட்டி விடு," என்றாள். பிறகு நான் பெல்ட்டைக் கட்டத் தொடங்கியதுமே தானாகக் கையை நீட்டினாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கு நீதிமன்றத் தாழ்வாரத்தில், நாங்கள் கூட்டி வந்த ஒருவன், சாட்சி சொல்ல வந்த தன் மனைவி மேல் பாய்ந்தான். என்னோடு வேலை பார்க்கும் பையன், நெட்டை என்று கூப்பிடுவோம், அந்த ஆளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அக்கா, விலங்க எடுங்கக்கா," என்றான். உறையைத் திறந்தேன். பூட்டு தரையில் விழுந்தது. நெட்டை அதைக் குனிந்து பார்த்தான், பிடி தளர்ந்தது. அவனைப் படியில் தள்ளிவிட்டு அந்த ஆள் ஓடினான். வாசலில் மடக்கிவிட்டார்கள். நெட்டைக்குத் தோள் இறங்கிவிட்டது.

"விலங்கு எங்கே?" என்றார் மேலதிகாரி.

"வீட்டுல மறந்து வச்சிட்டேன் சார்."

"சாயங்காலத்துக்குள்ள வந்தாகணும்."

வேன் டிரைவர் பக்கத்தில் நின்றிருந்தார். "வாங்கம்மா, ஒரு எட்டுப் போய் எடுத்துட்டு வந்துடலாம்," என்றார். வேண்டாம் என்றேன்.

அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுநாள் அம்மாவை என்ன செய்வது? அதே மாதிரி இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று போனேன். "உறைன்னா யாருக்கும் குடுப்பேன். விலங்குக்கு உங்க ஆபீஸ் கடிதம் வேணுமேம்மா," என்றார் சீருடைக் கடைக்காரர். வேறு கடைகளிலும் ஏறி இறங்கினேன். எல்லாரும் அதையே சொன்னார்கள். மதியம் முழுக்க அதில் போயிற்று.

வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தாள். உடம்பு தரையில், இடது கை மட்டும் மேலே. தண்ணீர் பாட்டில் கதவுவரை உருண்டு போயிருந்தது. விழுந்த பிறகும் வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது என்று பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. விலங்கைக் கழற்றினேன். துணியை அவிழ்த்து மடித்து வைத்தேன். அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன். விலங்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். சாயங்காலத்துக்குள் என்று சொல்லியிருந்தாரே. கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மா இறந்துவிட்டதையும் சொன்னேன்.

அம்மாவுக்கு மறதியே கிடையாது என்று தையல்காரி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பஸ் நம்பர், இறங்கும் இடம், மகன் வீட்டு வாசல் கதவின் நிறம்வரை ஒப்பிப்பாளாம். நான் மறுக்கவில்லை. மறதி இருந்திருந்தால் விலங்கே தேவைப்பட்டிருக்காது சார். எங்காவது வழி தெரியாமல் நின்றிருப்பாள், யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வந்து என்னிடம் விட்டிருப்பார்கள். அம்மாவுக்கு வழி நன்றாகத் தெரியும்.