அண்டாவில் ஒரு கை உப்பு

எனக்குச் சாப்பாட்டுல உப்பு கம்மியாத்தான் இருக்கணும், சார். ரத்தக்கொதிப்பு. அதனாலதான் கொஞ்ச நாளா கேன்டீன்ல சாப்பிடாம வீட்டுலேருந்தே ரொட்டி கொண்டுவந்தேன். இதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல.

ஃபேக்டரி ஜெனரேட்டர் என் பொறுப்பு. அந்த இன்ஜினுக்கு ரெண்டு தீனி. டீசல் கொஞ்சம், மீதியெல்லாம் கேஸ். கேன்டீன் தட்டுல மிஞ்சுறதைப் பின்னாடி இருக்கிற தொட்டியில கொட்டுவோம், அது புளிச்சு கேஸ் விடும். கேஸ் நல்லா வந்தா டீசல் குறையும், புகையே தெரியாது. பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன்.

அப்போதான் புதுசா ஒரு சமையல்காரம்மா வந்தாங்க. கைமணம்னா அப்படியொரு கைமணம். ஆளாளுக்குத் தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க. தொட்டி பட்டினி. இன்ஜின் டீசலாக் குடிச்சுக் கன்னங்கரேல்னு கக்கிச்சு. "இப்படியே புகைஞ்சா கழட்டி வித்துட வேண்டியதுதான்"னாரு மேனேஜர்.

நிதானமா யோசிச்சேன். அந்தம்மா ருசி பாத்துட்டுக் கை கழுவத் திரும்புற நேரம், அண்டாவுல ஒரு கை உப்பு போட்டேன். தட்டெல்லாம் போன மாதிரியே திரும்பி வந்துச்சு. தொட்டி நிறைஞ்சுது.

ஆனா கேஸ் வரல. மிச்சம் போதலையோன்னு ரெண்டு கை போட்டேன். புகை இன்னும் கறுத்துச்சு.

அந்தம்மாவைத் திட்டாத ஆள் இல்ல. "நான் பாக்குறப்ப சரியாத்தாங்க இருந்துச்சு. என் நாக்கே செத்துப்போச்சா?"ன்னு என்கிட்ட வந்து அழுதாங்க. "வயசாகுதில்ல, விடு"ன்னு ஆறுதல் சொன்னேன். வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை, பாவம். நான்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கட்டின பொண்டாட்டியை வேற யாரு கூட்டிட்டுப் போவா?

உப்பு ஏறினா தொட்டியில இருக்கிற கிருமியெல்லாம் செத்துரும், அப்புறம் எங்கேருந்து கேஸ் வரும்னு, போன வாரம் விசாரணைக்கு வந்தப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. தப்புதான் சார், ஒத்துக்கிறேன். உப்பு போட்டிருக்கக் கூடாது.

அன்னைக்கே கசப்புப் பொடிக்கு மாறிட்டேன். கேன்டீன் அண்டாவுல எவ்வளவு போட்டா தட்டுல மிஞ்சும்னு இப்ப வீட்டுச் சமையல்லதான் போட்டுப் பாக்குறேன். அவ ருசி பாக்குறதையே விட்டுட்டா. வேலைக்கு ரொம்பச் சௌகரியமா இருக்கு.