ஒரு எலிக்கு ஐந்து நிமிடம்

மேடையில் இருக்கும் ஃபாதர் மிரோன் அவர்களே, எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் தோர்லாக்சன் அவர்களே, டோரீனின் கணவர் ஓரெஸ்ட் அவர்களே, இந்தக் குளிரிலும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வின்னிபெக்கின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்திருப்பவர்களே, எலி அறையில் என்னோடு உழைக்கிறவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கொலெட் லாவலே. எட்டாம் வகுப்போடு நின்றவள். பேசச் சொன்னதால், எலிக்கூண்டில் செருகும் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

உள்ளே வரும்போதே நாற்காலிகளை எண்ணினேன். நூற்று நாற்பது. நின்றுகொண்டிருப்பவர்கள் தனி. நான் செத்தால் எனக்கு இத்தனை பேர் வருவார்களா? டோரீனைப் பெட்டியில் வைத்திருக்கும்போதுகூட எனக்கு முதலில் வந்தது இந்த நினைப்புதான். பத்தொன்பது வருடம் அவள் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். பத்தொன்பது வருடமும் வயிறு எரிந்தது.

மூத்த விலங்குப் பராமரிப்பாளர் டோரீன் ஹலுஷ்கா என்ன வேலை செய்தாள் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. லேசான பக்கவாதம் என்று ஒன்று உண்டு. கை மரத்துப்போகும், வாய் குழறும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். மூளையைப் படம் எடுத்தால் பல நேரம் ஒன்றும் தெரியாது. ஆனால் பெரியது பின்னால் வரலாம். அந்தச் சின்னது வந்துபோன தடத்தை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று டாக்டர் தோர்லாக்சன் எலிகளை வைத்துத் தேடுகிறார். பன்னிரண்டு எலிகளுக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கொஞ்ச நேரம் அடைத்துத் திறப்பார்கள். இன்னொரு பன்னிரண்டுக்குத் தோலை மட்டும் கீறித் தைப்பார்கள். பிறகு இரண்டு கூட்டத்திலும் எந்த மரபணு வேலைக்கு வந்திருக்கிறது, எது லீவில் இருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்வார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

எலி பயந்திருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். பயமும் மரபணுக்களை எழுப்பிவிடும். அதனால் அறுவைக்கு முன்னால் பத்து நாள், தினம் ஒவ்வொரு எலியையும் ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பழக்க வேண்டும். டோரீன் தன் பச்சை ஸ்வெட்டரின் கையை நீட்டுவாள். எலி உள்ளே போய் முழங்கையருகில் தூங்கிவிடும். என் கையை நீட்டினால் மூத்திரம் பெய்யும்.

"அதுங்களுக்கு என் மேல என்னடி கோவம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ பிடிக்கிறப்போ மூச்சை அடக்கிக்கிற. பாட்டு ஏதாவது முணுமுணு. தானா மூச்சு வரும்."

"எலிக்குக் கச்சேரி வேற பண்ணணுமா?"

"உன் குரலுக்கு எலிதான் லாயக்கு" என்றாள்.

சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன். அவள் சொன்னது சரி என்பதால்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓரெஸ்டுக்கு இடுப்பு அறுவை நடந்தது. டோரீனிடம் லீவு மிச்சமில்லை. அலுவலகத்துக்குத் தெரியாமல் பத்து நாள் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிப் போனாள். எலி பழக்குகிற நேரம் இரண்டிலிருந்து நாலு. எந்த எலியை எந்த நாள் பிடித்தோம் என்று டிக் போடும் படிவத்தின் தலையில் அவள் பெயர். போகும்போது என்னிடம் சொன்னாள்: "கொலெட், ஒண்ணொண்ணுக்கும் அஞ்சு நிமிஷம். நாலு இல்ல. உன்னை நம்பித்தான் போறேன்."

மூன்று நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் ஒரு எலி என் கட்டைவிரலைக் கடித்துவிட்டுக் கத்தியது. அந்த நேரம் டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"டோரீன் எங்க?"

"கூண்டு கழுவப் போயிருக்காங்க."

"அவங்க கையில இதுங்க இப்படிக் கத்தாதுங்களே" என்றுவிட்டுப் போனார்.

டாக்டர், நீங்கள் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாலாம் நாளிலிருந்து நான் எந்த எலியையும் தொடவில்லை. இரண்டு மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் ஏழு நாளுக்கும் சேர்த்து டிக் போட்டேன். அவளும் ஒருமுறை தோற்கட்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

முடிவு வந்தது. பக்கவாதம் வந்த எலிக்கும் வராத எலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எல்லாம் பயத்தில் கிடந்திருக்கின்றன. இருபத்துநாலு உயிர் வீணாய்ப் போனது. எட்டு மாத வேலை போனது. டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்து அந்தப் படிவத்தை நீட்டினார். டோரீன் அதை நிறைய நேரம் பார்த்தாள். பிறகு, "என் தப்பு டாக்டர். நான்தான் சரியா பழக்கல" என்றாள்.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆய்வை மறுபடி செய்து, அது பிற்பாடு அச்சில் வந்தபோது, நன்றி சொல்லும் இடத்தில் எப்போதும் இருக்கும் அவள் பெயர் இல்லை.

சாப்பாட்டு அறையில் என்னைப் பிடித்தாள். "ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். டிக் போடுறதுலயாவது கொஞ்சம் புத்தியைக் காட்டக்கூடாதா?"

"ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?"

"உனக்கு ஏற்கெனவே ரெண்டு கடிதம் இருக்கு. மூணாவது வந்தா வீட்டுக்குப் போகணும். என் ஃபைல் காலியா கிடக்கு, ஒண்ணு வந்தா என்ன? நானும்தான் சொல்லாம ஓடிப்போனேன்." சொல்லிவிட்டு, முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் சுருட்டியது இரண்டை என் தட்டில் வைத்தாள். "தின்னு. ஆறிடும்."

நன்றி வந்திருக்க வேண்டும் எனக்கு. வரவில்லை. காலியாகக் கிடந்த அந்த ஃபைல் மேல் பொறாமை வந்தது. மன்னிப்பதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று பொறாமை வந்தது.

போன மாதம் அதே சாப்பாட்டு அறையில் டோரீன் முள்கரண்டியைக் கீழே போட்டாள். எடுக்கப் போன கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் குழறியது. நாற்பது நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். "பாத்தியா, என் மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்" என்று சிரித்தாள். பதினோராம் நாள் பெரியது வந்தது.

நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். அந்த எட்டு மாதம் போகாமல் இருந்திருந்தால் டோரீன் இருந்திருப்பாளா என்று. ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. டாக்டர் என் தோளைத் தொட்டு, "இல்ல கொலெட். இந்த ரத்தப் பரிசோதனை ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும்" என்றார். அந்த ஆறுதல் எனக்குச் சேர வேண்டியதில்லை. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

டாக்டர் அவர்களே, அந்த ஏழு நாள் டிக் நான் போட்டவை. அவள் மீது எந்தக் குற்றமும் இல்லை. இதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். இதை அவள் ஃபைலில் வைத்துவிட்டு, அந்தக் கடிதத்தை எடுத்து என்னுடையதில் போடுங்கள். அடுத்த கட்டுரையில் அவள் பெயரைப் பழைய இடத்தில் போடுங்கள். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பது உங்கள் முடிவு. ஓரெஸ்ட், நீங்கள் என்னைப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்னாலும் எனக்குப் புரியும்.

அனுப்பும்வரை நான் வருவேன். திங்கட்கிழமை புதுத் தொகுதி இறங்குகிறது. இருபத்துநாலு எலிகள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு, பத்து நாளும் பிடிப்பேன். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் டோரீனுக்குச் சொல்கிறேன்.

அந்த எலிகளுக்கு டோரீன் யாரென்று தெரியாது. அவள் கை எப்படி இருக்கும் என்று தெரியாது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, என்னை அவளோடு ஒப்பிட முடியாத ஒரு கூட்டம் வருகிறது. இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்? சந்தோஷமாக இருந்திருக்க வேண்டாமா நான்?

அஞ்சு நிமிஷம், டோரீன். நாலு இல்ல.