பெரியவருக்கும் சேர்த்துத் தேநீர்

எங்கள் விடுதியின் ஜன்னல் திரைகளைத் தைத்தது நான்தான். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்கள் தங்குகிற இடம் அது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, முகவரியை யாருக்கும் சொல்லமாட்டோம். அலுவலகத்தில் வாங்கித் தந்த துணி மெல்லிசாக இருந்தது. நான் கனமான துணியாக மாற்றி வாங்கி, என் பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டு தைத்தேன். அவள் மாப்பிள்ளையின் அடி தாங்காமல் வந்து என்னோடுதான் இருக்கிறாள். அது வேறு கதை. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை என்பதற்காகச் சொன்னேன், இன்ஸ்பெக்டர் அம்மா.

நான் நிறம் பார்க்கிறவளும் இல்லை. அந்தப் பெண் வந்து நின்றபோது முதலில் அதைத்தான் சொன்னேன். இங்கே கறுப்பு, சிவப்பு என்று எதுவும் கிடையாது, பயப்படாதே என்றேன். அவள் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லைதான். உதட்டில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, துடைக்கத் துணி கேட்டாள்.

அவளுடைய இனத்தாரைப் பற்றி, உங்கள் இனமும் அதுதான், தப்பாக நினைக்காதீர்கள், எங்கள் அலுவலகத்தில் அதிகம் தெரிந்தவள் நான். பிற இனத்தாரின் பழக்கவழக்கங்களைப் புரிந்துகொண்டு நடப்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். அதில் நான்தான் முதல். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுக்கிறேன். அதனால் அவளுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தேன். அந்தம்மாள் பேசுவதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று அவள் எங்கள் மொழியிலேயே சொன்னாள். பிறந்து வளர்ந்தது இந்த ஊராம், வேலை வங்கியிலாம்.

உங்கள் ஆட்கள் தரையில் படுத்துப் பழகியவர்கள். ஆகவே கட்டிலை எடுத்துவிட்டு மெத்தையைக் கீழே போட்டுக் கொடுத்தேன். முதுகில் அடிபட்டிருப்பதால் கீழேயிருந்து எழுந்திருக்க முடியவில்லை, கட்டில் கிடைக்குமா என்று மறுநாள் கேட்டாள். சொந்தப் பழக்கத்துக்கே கூச்சப்படுகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. உங்களுக்கெல்லாம் கெட்டியான உடம்பு, வலி அவ்வளவாகத் தெரியாது. வகுப்பில் இதை நான் பாராட்டாகத்தான் சொல்வேன்.

உங்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டி தகராறு என்றால் குடும்பப் பெரியவர் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார். நாங்கள் போலீஸ், கோர்ட் என்று நுழைந்தால் உங்கள் வழக்கத்தை மதிக்காத மாதிரி ஆகிவிடும். பெரியவரைக் கூப்பிடலாம் என்று அவளிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க வீட்ல அப்படியெல்லாம் யாரும் பேசித் தீக்கிறதில்ல. அவர் கையில கிடைச்சா என்னைக் கொன்னுடுவார். நான் இங்க இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அடிபட்டவர்கள் தங்கள் வேரையே மறுத்துப் பேசுவார்கள் என்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அவளுடைய மாமனாரின் அண்ணன் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தார். பேச்சுவாக்கில் அவளே சொன்னதுதான். பெரியவரைப் போனில் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று நேரிலேயே போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு மனிதர் விழித்தார்.

"இதுல நான் என்னங்க பேசுறது? எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்ல. அடிச்சான்னா போலீஸ்ல சொல்லுங்க."

என்ன அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பையனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, ஒரு செருப்புப் பெட்டியின் மேல் விடுதி முகவரியை எழுதிவைத்துவிட்டு வந்தேன். கடைக்கு வந்த அவள் புருஷன் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டது பெரியவருக்கே தெரியாது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவன் தனியாகத்தான் வந்தான். பெரியப்பா வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்றான். என் கண்ணைப் பார்க்காமல் பேசினான். அது உங்கள் ஆட்கள் காட்டுகிற மரியாதை. அவள் அறையைக் காட்டிவிட்டு, வெளியாள் நடுவில் நிற்கக்கூடாது என்று நான் சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

சத்தம் கேட்டது. உங்கள் வீடுகளில் எல்லாவற்றையும் உரக்கத்தானே பேசுவீர்கள். பக்கத்து அறைப் பெண் ஓடிவந்து, உள்ளே பூட்டியிருக்கிறான், மாற்றுச் சாவியைக் கொடுங்கள் என்று அழுதாள். சாவிக்கொத்து என் பையில்தான் இருந்தது. அவர்கள் குடும்ப விஷயம், நீ போய் உட்கார் என்றேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பெரியவருக்கும் சேர்த்து நாலு தம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்திருந்தது. அவன் போய்விட்டிருந்தான். அறைக்குள் இருந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நான் சொல்லவேண்டியதில்லை.

முகவரியைக் கொடுத்து அவனை உள்ளே விட்டவள் நான். சாவியையும் நான்தான் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள்மேல் எனக்கு வெறுப்பு துளியும் கிடையாது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் பெண் கன்னம் வீங்கி வந்து நின்ற அன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. அன்றைக்கே வாசல் பூட்டை மாற்றிவிட்டு, நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தேன்.

அவளுக்கு வலித்தது, அம்மா.