ஆமடேல் கடையின் தங்க மணிக்கூடுகள்

மழை பெய்யும் நாட்களில்தான் மணிக்கூடுகள் நன்றாக விற்கும். வெயிலடித்தால் மெல்பேர்ண்காரர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் ஆமடேல் ஹை ஸ்ட்ரீட்டில் குடையை உதறியபடி ஏதாவதொரு கடைக்குள் ஒதுங்குவார்கள். ஒதுங்கிய கடையிலிருந்து வெறுங்கையோடு போக நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை நம்பித்தான் நானும் என் மனைவியும் சாப்பிட்டு வந்தோம்.

வெங்கட்ராமன், இதை இந்தப் போலீஸ் சார்ஜன்டுக்கு அப்படியே சொல்லிவிடுங்கள். இவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவருக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் இங்கிலீஷ் வியாபாரத்துக்காகப் பழகியது. அதில் வாயைத் திறந்தால் இந்த மேசையைக்கூட அவர் தலையில் கட்டிவிடுவேன். உண்மை சொல்ல எனக்குத் தமிழ்தான் வசதி. நீங்கள் மெட்ராஸ்காரர், அதனால் ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கதிரை என்றால் நாற்காலி, மணிக்கூடு என்றால் கடிகாரம். மற்றபடி சிரமம் இருக்காது.

என் பெயர் விக்னராஜா. கொழும்பில் ஓர் ஏல நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போன காலம் அது. கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் எங்களிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். ரீஜென்சி என்ற சொல்லை அங்கேதான் கற்றேன். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இங்கிலாந்தில் ஓர் அரசருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அவருக்குப் பதிலாக மகன் ஆண்டான். ஆண்டது போக மிச்ச நேரத்தில் வீட்டுச் சாமான் வாங்கினான். வாள் போல வளைந்த கால் வைத்த கதிரை, பித்தளை இழைத்த மேசை, முகப்பின் மேல் ஒரு தேவதை அரைகுறை உடுப்போடு சாய்ந்து கிடக்கும் தங்க மணிக்கூடு. தகப்பன் பைத்தியம், மகன் ஊதாரி. அந்த இரண்டு நோய்களும் சேர்ந்து பெற்ற பிள்ளையைத்தான் பக்கத்து டூராக்கின் பணக்காரப் பெண்கள் ரசனை என்று சொல்கிறார்கள்.

எழுபத்து மூன்றில் நானும் என் மனைவி யோகாவும் இங்கே வந்தோம். எங்கள் நிறத்தவர்களுக்கு இந்த நாடு கதவைத் திறந்துவிட்டு, திறந்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம். கடை முன்னால், வீடு பின்னால், நடுவில் ஒரு திரை. முதல் சில மாதங்கள் என் முகத்தைப் பார்த்ததுமே வந்தவர்கள் கம்பளம் விற்கிற இடம் என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். பிறகு கறுப்பு வெயிஸ்ட்கோட் ஒன்று வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு ஹார்கோர்ட் அம்மாள் என்ற வாடிக்கையாளர் மிகவும் மரியாதையாகக் கேட்டார், "உங்கள் குடும்பம் சிலோன் கவர்னர் மாளிகையில் ஊழியம் செய்ததா?"

"மூன்று தலைமுறையாக, அம்மையாரே" என்றேன்.

என் தகப்பனார் பருத்தித்துறையில் தபாலதிபர். அவர் தன் தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தானாகக் கழுவியதில்லை. ஆனால் ஹார்கோர்ட் அம்மாள் அன்றைக்கு ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் வாங்கினார். கவர்னரே உட்கார்ந்த கதிரைகள் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். நான் மறுக்கவில்லை. வாடிக்கையாளரோடு வாதாடுவது அழகல்ல.

இனி யோகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தவள். கூச்சம் என்பதே கிடையாது. வகுப்பறைக்குள் பாம்பு வந்தபோது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அதைக் கரும்பலகையில் வரைந்துகாட்டிய பிறகே ஆட்களைக் கூப்பிட்டாளாம். அவளுடைய நாக்கும் கூர்மையானது. நான் ஒரு வாடிக்கையாளரிடம் மேசையின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தால், திரைக்குப் பின்னாலிருந்து தமிழில் குரல் வரும். "போன கிழமைதானே உதுக்குக் கால் முளைச்சது?" அவர்களுக்குப் புரியாது. எனக்குச் சிரிப்பை அடக்குவது சிரமமாக இருக்கும். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

பிரச்சினை மணிக்கூடுகளில் வந்தது. நான் நாட்டுப்புற ஏலங்களில் வாங்கியவை நூறு வருஷம் பிந்திச் செய்த நகல்கள். உருவமெல்லாம் சரி. பூச்சுத்தான் தேய்ந்திருக்கும். மின்சாரத்தில் முலாம் போட்டுப் பார்த்தேன். குளியலறைக் குழாய்போலப் பளபளத்தது. டூராக் பெண்களுக்குச் சரித்திரம் தெரியாது, ஆனால் தங்கத்தின் நிறம் தெரியும். பழைய முறை ஒன்றுதான் வழி. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, அந்தக் குழம்பைத் தூரிகையால் பூசி, நெருப்பில் காட்ட வேண்டும். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். தேனில் வெயில் விழுந்தது போன்ற ஒரு நிறம் வரும். வேறெந்த வழியிலும் அது வராது.

தூரிகை பிடிக்கத் தெரிந்தவள் வீட்டில் இருந்தாள். நான் கேட்டேன், அவள் உடனே சம்மதித்தாள். உண்மையில் சந்தோஷப்பட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு குசினியில் நிற்பதைத் தவிர அவளுடைய கைக்கு வேலை இருக்கவில்லை. டண்டினோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை வேலை தருவதாக அப்போது பேச்சு இருந்தது. அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடச் சொன்னேன். "அங்கை பிள்ளையள் எல்லாம் கங்காரு கீறச் சொல்லிக் கேக்குங்கள். இது கலை" என்றேன். சிரித்தாள். தள்ளிப்போட்டாள்.

உடுப்புத் தோய்க்கும் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். முதலில் சன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்தாள். உலோகத்தைக் கழுவுகிற அமிலம் மணக்கிறது என்று பக்கத்து வீட்டு கிரேக்க அம்மாள், ஸ்டாவ்ரூலா, வேலிக்கு மேலால் சத்தம் போட்டார். அயலவரோடு மனஸ்தாபம் வேண்டாமென்று நான் சன்னலை ஆணியடித்து மூடினேன். கதவையும் சாத்தி வைக்கச் சொன்னேன். புகை கடைப்பக்கம் வந்து நல்ல துணி போட்ட கதிரைகளில் படிந்தால் கெட்டுவிடும் அல்லவா. அவளோடு பேச வேண்டியிருந்தால் கதவுக்கு வெளியே நின்று பேசுவேன். உள்ளே போகிற வழக்கம் எனக்கு இருக்கவில்லை.

மணிக்கூடுகள் அழகாக வந்தன. அதை நான் சொல்லாமல் விட்டால் அவளுக்குச் செய்யும் அநியாயம். தேவதையின் தோளில் மட்டும் கொஞ்சம் மங்கலாக விட்டிருப்பாள், காலம் காலமாக யாரோ தொட்டுத் துடைத்ததுபோல. ஒரு பாதிரியார் கடைக்குள் வந்து, அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் ஒரு மெழுகுவர்த்தித் தண்டு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷக் கோடை முடியும்போது அவளுடைய வாயில் எச்சில் கூடுதலாக ஊறத் தொடங்கியது. பல் முரசிலிருந்து, அதாவது ஈறிலிருந்து, இரத்தம் வந்தது. பிறகு கை நடுங்கியது. முதலில் கோப்பை பிடிக்கும்போது மட்டும், பிறகு சும்மா இருக்கும்போதும். அவளுடைய குணமும் மாறியது. பால்காரன் வாசலுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். திரைக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த குரல் நின்றுவிட்டது. நான் ஒரு மேசையின் வயதை வெலிங்டன் பிரபு காலத்துக்குக் கூட்டிச் சொன்னாலும் வீடு அமைதியாக இருந்தது. வியாபாரத்துக்கு அது உதவியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தெருமுனையில் இருந்த டாக்டர், நல்ல மனிதர். அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் என்னிடம், "புலம்பெயர்ந்து வரும் பெண்களுக்கு நரம்புத் தளர்ச்சி சகஜம். ஊர் ஏக்கம். தூங்க மாத்திரை தருகிறேன்" என்றார். வீட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

ஹார்கோர்ட் அம்மாள் மணிக்கூடு பார்க்க வந்ததும் அந்த மாதத்தில்தான். விலையுயர்ந்த மணிக்கூட்டுக்கு ஒரு கதை வேண்டும். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன், "இந்தத் தங்கத்தைப் பூசியவர்கள் நாற்பது வயதைக் காண்பது அரிது, அம்மையாரே. பாதரசப் புகை. முதலில் பல் ஆடும், பிறகு கை நடுங்கும், பிறகு மனிதர்களைக் கண்டாலே பயப்படுவார்கள். பிரான்சில் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். இந்தத் தேவதைக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது." அந்த அம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். இரண்டு கண்ணும் கலங்கின. அப்படிக் கலங்கிவிட்டால் பேரம் பேச மாட்டார்கள். இந்தக் கதையை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு யோகா திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பின்னேரம் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, கேத்தலை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. அந்த மனிசிக்குச் சொன்னது உண்மையோ?"

"எது?"

"பல்லாடும், கை நடுங்கும் எண்டு."

தேத்தண்ணீர் கோப்பையிலும் விழுந்தது, மேசையிலும் விழுந்தது.

"உமக்கென்ன விசரே, யோகா? அது சாமான் விக்கச் சொல்லுற கதை. கவர்னர் இருந்த கதிரை எண்டும்தானே சொல்லுறனான்?"

கேத்தலைக் கீழே வைத்தாள். பிறகு அவளுடைய முகம் தெளிந்தது. "ஓம் என்ன. நான் ஒரு விசரி" என்றாள். அப்போது வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். அடுத்த நாள் காலை வழக்கம்போல அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அந்தக் கடையில் நின்று சொன்ன ஒரே உண்மை அதுதான், வெங்கட்ராமன். மற்றப் பொய்களையெல்லாம் கேட்டுப் பழகிய அவள், அதையும் சேர்த்துப் பொய் என்று எடுத்துக்கொண்டாள். இதில் என் பிழை எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். சிகரெட் பெட்டியில்கூடத்தான் இப்போது உடம்புக்குக் கேடு என்று அச்சடிக்கிறார்கள். சார்ஜன்ட் இந்த அறைக்குள் வந்ததிலிருந்து பிடித்துக்கொண்டே இருக்கிறார். தெரிந்திருப்பது வேறு, நடக்கும் என்று நம்புவது வேறு.

மணிக்கூட்டை எடுத்துப்போக ஹார்கோர்ட் அம்மாளின் கணவர் வந்தார். அவர் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற டாக்டர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மழை பெய்துகொண்டிருந்ததால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பலாமென்று யோகாவைக் கூப்பிட்டேன். தட்டோடு வந்தாள். கோப்பைகள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. அந்த மனிதர் அவளுடைய கையையே பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்கள் மனைவி தொப்பி செய்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

"முன்பு கம்பளித் தொப்பி செய்கிறவர்களுக்குத்தான் இந்த நடுக்கம் வரும். பாதரசம்." பிறகு அவர் தன் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். தேவதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாரையும் கேட்காமல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அடுத்தவர் வீட்டுக்குள் இப்படி நுழைவது வெள்ளைக்காரர்களுடைய பழக்கமில்லை, அதனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆணியடித்த சன்னலுக்கு முன்னால் அவர் நிறைய நேரம் நின்றார்.

அவர் சொல்லி யோகாவைச் சேர்த்த ஆஸ்பத்திரியில், அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். ஒவ்வொரு நாளும் கடையை மூடிவிட்டுப் போவேன். அங்கே கல்யாணி என்று ஒரு நர்ஸ், உங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை. முதல் சில நாள் உள்ளே விட்டாள். பிறகு வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"அண்ணே, அவங்க உங்களைப் பார்க்க வேண்டாம்னு சொல்றாங்க."

"அவவுக்கு இப்ப எல்லாரையும் பாக்கப் பயம், தங்கச்சி. அது இந்த நோயின்ரை குணம்."

"இல்லண்ணே. என்கிட்ட பயமில்லாமத்தான் பேசுறாங்க. 'அவர் பொய்க்காரன் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் உண்மை சொல்லுவார் எண்டு நினைச்சிருந்தன்'னு சொன்னாங்க. அவங்க சொன்ன மாதிரியே சொல்றேன்."

யோகா ஆகஸ்டில் இறந்தாள். கல்யாணிதான் போலீசிடம் போய்ச் சொன்னாள் என்று ஊகிக்கிறேன். நல்ல பிள்ளை. கோபமில்லை.

நான் கொலைகாரன் என்று நினைத்தால் அது மிகைப்படுத்தல். நான் யாரையும் அடித்ததில்லை. அவளிடம் குரலை உயர்த்தியதுகூட இல்லை. செத்தவீட்டுக்கு ஸ்டாவ்ரூலா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சன்னலைப் பற்றித் தான் சத்தம் போட்டிருக்கக்கூடாது என்றார். பரவாயில்லை என்று அவரைத் தேற்றினேன். அவருடைய குற்றவுணர்ச்சிக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

இப்போது சார்ஜன்ட் ஏதோ கேட்டாரே. ஓம், விளங்கியது. இவ்வளவு தெரிந்திருந்தும் அந்த வேலையை நானே ஏன் செய்யவில்லை என்கிறார்.

இதைக் கவனமாக மொழிபெயருங்கள், வெங்கட்ராமன். நான் கடையின் முன்பக்கத்தில் நிற்கிறவன். வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். மணிக்கூட்டைத் தூக்கி அவர்களுடைய மடியில் வைக்க வேண்டும். கை நடுங்குகிறவனிடம் யார் நம்பி வாங்குவார்கள்? இரண்டு பேரில் ஒருவருடைய கைதான் போகப்போகிறது என்றால், அது யோகாவுடையதாக இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. முதல் மணிக்கூட்டை அவளுடைய மேசையில் வைப்பதற்கு முன்பே நான் இதை யோசித்து முடித்திருந்தேன். கேட்டிருந்தால் அவளும் சம்மதித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.