படத்துக்காரியின் இடுப்பு

பிறத்தியார் சாப்பிடுவதைப் படம் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. புதுச்சேரிக்குப் போன என் வீட்டுக்காரர் ஆத்மநாதன் அப்படி ஒரு படத்தை வாங்கி வந்தார். இருநூறு வருஷத்துக்கு முந்திய பிரான்சு தேசத்துப் பிரபுக்களின் விருந்து. வெள்ளித் தட்டுகள், தங்கப்பூச்சுக் கண்ணாடிகள், மாவு பூசிய தலைமுடியைக் கோபுரமாகத் தூக்கிக் கட்டிய சீமாட்டிகள். ஒருத்திக்கும் இடுப்பு ஒரு பிடிக்கு மேல் இல்லை.

அன்றிலிருந்து ஆலங்குடியில் எங்கள் வீட்டுக்குப் பைத்தியம் பிடித்தது. தரையில் இலை போட்டுச் சாப்பிட்டவர்கள் மேசைக்கு ஏறினோம். திருச்சியிலிருந்து துரைமார் விருந்துக்கு வருகிறார்கள், வீட்டுப் பெண்ணும் படத்தில் உள்ளபடியே உடுத்தி உட்கார வேண்டும் என்றார். வீட்டுப் பெண் என்றால் இளைய தாரம் அமிர்தவல்லி. மூத்த தாரம் உண்ணாமலை, அதாவது நான், பரிமாறுவதற்கு. எனக்கு வயிறு எரிந்தது உண்மைதான், ஆனால் ஒரு நாள்தான் எரிந்தது.

தையல்காரர் முத்துராமன் குடைப் பாவாடையோடு ஓர் இறுக்குச் சட்டையும் தைத்தார். உள்ளே வரிசையாகப் பிரம்புச் சிம்பு, முதுகில் கயிறு. உடுத்துகிறவளால் தானாகக் கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. அந்த வேலை என் பொறுப்பு.

அவள் அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். "இப்பச் சொன்னா உக்கார விடமாட்டாக. விருந்து முடியட்டும்க்கா" என்றாள். பிள்ளை பிறந்தால் சாவிக்கொத்து அவளுக்கு, நான் மீமிசலில் அண்ணன் வீட்டுக்கு. வீட்டுக்காரர் இதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

தையல்காரர் கொடுத்த பட்டுநாடா வழுக்கியது. அதனால் மீமிசலிலிருந்து வலைக்கயிறு வரவழைத்துக் கோத்தேன். நனைந்தால் அது இறுகும், கடற்கரையில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை மாதம், வேர்வைக்கும் பஞ்சமில்லை.

விருந்துக்கு நடுவில், "மூச்சு முட்டுதுக்கா. கொஞ்சம் தளத்துங்க" என்றாள்.

"படத்துல இருக்கவ சிரிச்சுக்கிட்டுத்தானம்மா இருக்கா" என்றேன்.

சிரித்தாள். நல்ல பெண், சொன்னால் கேட்பாள்.

அசல் சீமாட்டி என்று துரைமார் வாயாரப் புகழ்ந்தார்கள். கறி வந்தது, பழம் வந்தது, அவள் முதுகு வளையவே இல்லை. தலை மட்டும் லேசாகக் குனிந்தது. வெட்கம் என்று நினைத்தார்கள். செத்தவளைக்கூடப் பிரம்பு சாயவிடாது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாற்காலிக்கடியில் ரத்தத்தைப் பார்த்து வேலைக்காரி அழகி கத்தினாள்.

வீட்டுக்காரர் நெஞ்சடைப்பு என்கிறார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றை மாற்றியது நான், இறுக்கியது நான், எழுதிக்கொள்ளுங்கள். கொலைகாரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அமிர்தவல்லியைத் தங்கையாகத்தான் வைத்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டுதான் முடிச்சுப் போட்டேன். பிள்ளை மட்டும் போனால் எனக்குப் போதுமாக இருந்தது.