ஒட்டிக்கொள்ளும் விசை

அவரை அவசரப்படுத்தாதீர்கள், சார். அந்தப் பேட்டரிப் பெட்டி இப்படித்தான் கீச்கீச்சென்று கத்தும். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். பெருமழை வந்தால் குனோங் ராபாட்டில் கரண்ட் போவது வழக்கம்தான்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உங்களோடு வந்த பிரமிளாவின் பதற்றம் எனக்குப் புரிகிறது. கணினி அணைந்தால் அவர் தேடுவது அழிந்துவிடும். கீபோர்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது நினைவில் மட்டும்தான் வைத்திருக்கிறது. அவர் சரியாகத்தான் கேட்கிறார். திரையில் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து ஒரு வரி கட்டளை அடித்தால், எந்த விசை எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியே சொல்லும். அது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒட்டு விசை அணைந்திருக்கிறது என்று வரும்.

பாருங்கள், வந்துவிட்டது.

கதவோரம் இருக்கும் அந்த நாற்காலியில் உட்காருங்கள், சார். நீங்கள் நின்றுகொண்டே கேட்டால் எனக்கு அசதியாக இருக்கிறது.

ஒட்டு விசை என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். கண்ட்ரோல் என்றொரு விசை இருக்கிறதே, அது தனியாக எதுவும் செய்யாது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்ட வேண்டும். அதற்கு இரண்டு விரல் வேண்டும். என் அண்ணன் சுகுமாரனுக்கு ஒரு குச்சிதான் இருந்தது. சுங்காய் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி கவிழ்ந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. வலது கை மட்டும் கொஞ்சம் எழும்பும். உள்ளங்கையில் குச்சியைக் கட்டிவிட்டால் கீபோர்டைத் தட்டுவான். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த வசதி. கண்ட்ரோலை ஒருமுறை தட்டிவிட்டால் போதும், அடுத்த விசையைத் தட்டும்வரை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல அது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நான் ஈப்போவில் கணினிக் கடையில் வேலை பார்த்தவள். எல்லாவற்றையும் நானே அமைத்தேன். கண்ட்ரோல், பிறகு கே. அடுப்படியில் மணி அடிக்கும். அவனால் தானாக இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. சளி அடைத்தால் குரலும் வராது. நான் ஓடிவந்து விலாவுக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்தி, குழாயை வைத்து உறிஞ்சி எடுப்பேன். மணி அதற்காகத்தான்.

முதலில் ஒரே விசையில்தான் வைத்திருந்தேன். குச்சி தவறிப் பட்டாலும் அடித்தது. நான் ஈரக் கையோடு ஓடிவருவேன்.

"என்னலா கலா, தீயணைப்பு வண்டி மாதிரி ஓடியார?" என்று சிரிப்பான். அதனால்தான் இரண்டு விசையாக மாற்றினேன். அது சரியான முடிவுதானே.

திரையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுவும் நான் மாட்டியதுதான். அவனுக்குக் கழுத்து திரும்பாது. "லாரிக்காரனுக்குக் கண்ணாடி இல்லன்னா பின்னால வர்றவனத் தெரியாதுலா" என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

மணி மட்டும் குறையவில்லை. மூக்கு அரிக்குது. காத்தாடியத் திருப்பு. கொசு. ஒருமுறை பாசாரிலிருந்து வந்து, மீனைக்கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்து நின்றேன்.

"ஒண்ணுமில்லலா. சும்மாதான் அடிச்சேன். நீ இருக்கியான்னு பாத்தேன்."

நான் கோபப்படவில்லை. அவனுக்குப் பயம். பயப்படுகிறவனிடம் எப்படிக் கோபப்படுவது?

பக்கத்து வீட்டார் ஐயாவுவைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சுங்கை சிப்புட்டில் மெக்கானிக், மனைவியை இழந்தவர். போன தீபாவளிக்குப் பிறகு என்னைப் பெண் கேட்டு வந்தார். நல்ல சட்டை போட்டு வந்து, இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்தார். அண்ணனுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"வாங்க மச்சான். ஒரு விசயம் இப்பவே சொல்லிடறேன். இவளக் கட்டினா என்னையும் சேத்துத்தான் கட்டணும். ரெண்டும் ஒரே செட்டு, தனித்தனியா குடுக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தோம். ஐயாவுவும் சிரித்தார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "வாரேன்" என்று எழுந்து போனார். பிறகு வரவில்லை. "நல்ல மனுசன்லா, ஏன் வரலன்னு தெரியல" என்று அண்ணன் பல நாள் வருத்தப்பட்டான். எனக்காகத்தான் வருத்தப்பட்டான்.

இதைக் காரணம் என்று எழுதாதீர்கள். இது காரணம் இல்லை.

அந்த ஒட்டு விசைக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு விசையை ஒரே நேரத்தில் அழுத்திவிட்டால் தானே அணைந்துவிடும். இரண்டு விரலால் அழுத்தத் தெரிந்த ஆளுக்கு உதவி எதற்கு என்று நினைத்துக்கொள்ளும். நல்ல கணக்குத்தான். ஆனால் துடைக்கும் துணி பட்டாலும் அதற்கு நல்ல கை, கால் உள்ள ஆள்தான். அதனால் தினமும் சாமி விளக்கை ஏற்றியதும் கணினியைக் கேட்பேன். கீபோர்டைத் துடைத்தாலும் கேட்பேன். இருக்கிறது என்று சொன்னால்தான் நகர்வேன். அணைந்திருந்தால் ஒரு வரி அடித்து மறுபடி போட்டுவிடுவேன்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் இதே மேசைக்கு முன்னால் கண்ணயர்ந்தான். லாரிக்காரர்களின் முகநூல் குழுவுக்கு ஏதோ தமிழில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றிருந்தது. கீபோர்டில் குழம்பு சிந்தியிருந்தது. அவன் எழும்பாமல் துடைத்தேன். வழக்கம்போலக் கணினியைக் கேட்டேன்.

அணைந்திருக்கிறது என்றது.

ஒரே ஒரு வரிதான், சார். தூக்கத்தில்கூட அடித்துவிடுவேன். அன்று கை எழவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டியை மூடினேன். அவன் எழுதியதை அப்படியே முன்னால் கொண்டுவந்து வைத்தேன். மணி அடிக்காத ஒரு மதியம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கலாம், அவ்வளவுதான் நினைத்தேன். எழுந்ததும் சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

அவனுக்குச் சளி அடைத்தது.

முந்தாநாள் உங்களிடம் அடுப்படியில் இருந்தேன், மணி கேட்கவில்லை என்று சொன்னேன். மணி கேட்கவில்லை என்பது உண்மை. கண்ட்ரோலைத் தட்டினான், கே-யைத் தட்டினான். கண்ட்ரோல் ஒட்டவில்லை. அதனால் எழுத்து மட்டும் விழுந்தது. இப்போது பிரமிளா படம் எடுக்கிறாரே, அந்த வரிதான். பாதி வாக்கியத்துக்குப் பிறகு க்க்க்க்க் என்று ஓடுகிறது. ஒன்று விழும், சற்று நிற்கும், இன்னொன்று விழும். குச்சியைத் தூக்க அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

ஆமாம், சார். அடுப்படியிலிருந்து திரை தெரியாது. நான் இந்தக் கூடத்தில்தான் இருந்தேன்.

நீங்கள் நல்லவர். "அசந்து தூங்கியிருப்பீங்க, இல்லையாக்கா?" என்று நீங்களே வழி காட்டுகிறீர்கள். எழுதிக்கொள்ளலாம்தான். தூங்கி எத்தனையோ நாளாயிற்று, யாரும் நம்புவார்கள். துணிதான் அணைத்தது. கணினி தன் குணப்படி நடந்தது. நான் எதையும் தொடவில்லை.

ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பது அன்று நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. கொஞ்சம் நிமிர்ந்து அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். திரைக்கு முன்னால் இருக்கும் பிரமிளாவின் கண் தெரிகிறதா? அப்படியென்றால் அவருக்கு உங்கள் முகமும் தெரியும்.

முதல் எழுத்து விழுந்தபோது அண்ணன் திரையைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் பார்வை திரைப் பக்கம் திரும்பவே இல்லை, சார். கடைசிவரை என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் தட்டினான்.