கொடுவாக்காரனுக்குப் பொண்ணு குடுக்கறதுன்னா

யாரு, சக்கரபாணியா? கொடுவா மீன் வளக்கற சக்கரபாணிதான? அத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா, திண்டிவனத்துலேர்ந்து பஸ்ஸுல பக்கத்துலயே உக்காந்துகினு வர்றீங்க. தெரியுமாவா. அவன் குட்டைக்குப் பக்கத்துலதான் இருந்தேன் நானு. இப்பதான் மரக்காணம் டவுன்ல உப்பு மூட்டை தைக்கற வேலைக்குப் போறேன். கேளுங்க, என்னா கேக்கணுமோ.

ஓ, பொண்ணு குடுக்கறதுக்கா. தங்கச்சி பொண்ணா? சரி சரி. இப்பிடித் தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் வெயில் அடிக்குது.

ஆளு தங்கமான ஆளுதான். குடி கெடையாது, சீட்டு கெடையாது, வேற பொம்பள சவகாசம் கெடையாது. அதுக்கெல்லாம் அவனுக்கு எங்க நேரம். மொதல்ல எறா விட்டான், நோவு வந்து மொத்தமும் போச்சு. அப்பறம் கொடுவா விட்டான். அதுலேர்ந்து மனுஷங்ககிட்ட பேசறதையே கொறைச்சிட்டான். பேரு சக்கரபாணி, அதுக்கேத்தாப்ல குட்டையில ரெண்டு சக்கரம் சுத்தும். ஏரேட்டர்னுவாங்க. தண்ணியக் கலக்கி உட்டுக்கினே இருக்கும். எதுக்கா? தண்ணி சூடாச்சுன்னா அதுல இருக்கற காத்து கொறைஞ்சிடுமாம். மீனு மூச்சு முட்டி மேல வந்துடும். இப்ப அடிக்கற வெயிலு முன்ன மாதிரியா இருக்குது. உப்பு போடறவங்களுக்குக் கொண்டாட்டம். பக்கத்துலயே இவன் தலையில கை வெச்சிக்கினு உக்காந்திருப்பான். ஒரே சூரியன்தான் இருக்குது, யாருக்குன்னு பாக்கும்.

சட்டைப் பையில எப்பவும் ஒரு தெர்மாமீட்டர் வெச்சிருப்பான். ஒரு நாளைக்கு அஞ்சி வாட்டி தண்ணியில உட்டுப் பாப்பான். பொண்டாட்டிக்கு ஜுரம் வந்தப்ப அதையே எடுத்து வாயில வெச்சிக்கோன்னு குடுத்தான். கழுவுனானான்னு கேக்காதீங்க.

சிரிக்கறீங்க. இன்னும் கேளுங்க. குட்டையில ஒரு மூலையில ரெண்டாள் ஒசரத்துக்குப் பள்ளம் எடுத்தான். அடியில தண்ணி கொஞ்சம் சில்லுனு இருக்குமாம், மத்தியானத்துல மீனுங்கல்லாம் அங்க எறங்கிக்கும். அந்தத் தெருவுல ஒருத்தரும் ஊட்டிக்குப் போனதில்ல, அவன் மீனு தெனம் போவுது. மேல பச்சை நெட்டு கட்டுனான், நெழலுக்கு. வீட்டுக்கு சிமெண்ட் ஷீட்டு, உள்ள இட்லி வேகும். இங்கயும் ஒரு துண்டு நெட்டு கட்டேன்யான்னு பொண்டாட்டி கேட்டா. மனுஷன் எழுந்து மரத்தடிக்குப் போவான், மீனு எங்க போவும்னான். நியாயமாத்தான இருக்குது.

தீனி கூட விடியக்காலையிலதான். சூட்டுல தின்னா மீனுக்கு செரிக்கறதுக்கே மூச்சு பத்தாதாம். ஒரு நாளு ஐஸ் கம்பெனிக்குப் போய் பத்து பார் ஐஸ் கேட்டான். மீனு எப்ப புடிச்சதுன்னு கேட்டாங்க. இன்னும் புடிக்கல, உயிரோடதான் இருக்குது, அதுக்குத்தான் ஐஸுன்னான். அந்தக் கம்பெனிக்காரன் இன்னிக்கி வரைக்கும் சொல்லிச் சொல்லி சிரிக்கிறான். அத்தினி ஐஸும் போட்டு, தண்ணி அரை டிகிரி கூட எறங்கல.

என்னா கேட்டீங்க? மொத பொண்டாட்டியா. தரகர் என்னா சொன்னாரு? ஓடிப் போயிட்டாளாமா. இல்லக்கா. நடந்துதான் போனா. ஓடறதுக்கு ஒடம்புல தெம்பு எங்க இருந்துச்சு.

மூணு வருஷம் முன்ன, கத்திரி வெயிலு. பதினோரு மணிக்குக் கரண்ட்டு போச்சு. ஜெனரேட்டர் ரெண்டு வாட்டி இருமிட்டு நின்னுடுச்சி. சக்கரம் நின்ன கொஞ்ச நேரத்துல மீனு மேல வந்துச்சி பாருங்க, நாலாயிரம் மீனு, அத்தினியும் வாயத் தொறந்துகினு, கட்சிக் கூட்டத்துல கொட்டாவி விடறாப்ல. அவன் லுங்கியோட உள்ள குதிச்சிட்டான். கையால தண்ணிய அடிக்கறான், காலால ஒதைக்கறான். பக்கெட்ட எடுத்துக்கினு வாடின்னு கத்தறான். அவ கரையில நின்னு மொண்டு மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்தறா. அப்பிடி ஊத்துனா தண்ணியில காத்து ஏறும். தண்ணியத் தொட்டா ஆறுன டீ மாதிரி இருக்குது. ரெண்டு மணி நேரம்க்கா. நெட்டு மீனுக்கு மேலதான், அவ நின்ன எடத்துல கெடையாது.

அப்பறம் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, கரையிலயே சாஞ்சிட்டா. அவன் திரும்பிப் பாத்தான். பாக்கலன்னு சொல்ல மாட்டேன், பாத்தான். பக்கெட்ட உட்டுடாதடின்னான். உப்பளத்துல வேலை செஞ்ச பொன்னம்மாவும் இன்னும் நாலு பொம்பளைங்களும்தான் ஓடி வந்து தூக்கி, உப்பு ஏத்தற வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மூணு பாட்டில் குளுக்கோஸ் ஏறுச்சு.

வந்தான், வராம என்னா. கரண்ட்டு வந்து, சக்கரம் சுத்த ஆரம்பிச்சி, மீனு எல்லாம் கீழ எறங்குனதுக்கு அப்பறம் வந்தான். சட்டை இல்ல, லுங்கி சொட்டுது, தரையெல்லாம் ஈரம், நர்சம்மா திட்டறாங்க. மூஞ்சி மட்டும் பல்பு போட்டாப்ல இருக்குது. கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னு, பதினேழுதான் போச்சு, மிச்சம் அத்தினியும் பொழைச்சிக்கிச்சின்னான். சொல்றப்பவே அழுவறான். அவளுக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அவளும்தான ரெண்டு மணி நேரம் ஊத்துனா. கொஞ்ச நேரம் கழிச்சிதான் ஒறைச்சிது, மீனு எத்தினி பொழைச்சிதுன்னு சொல்லிட்டான், எனக்கு எப்பிடி இருக்குதுன்னு இன்னும் கேக்கலியேன்னு.

என்னாக்கா அப்பிடிப் பாக்கறீங்க. ஆமா, நான்தான். கோர்ட்டுல முடிஞ்சி எட்டு மாசம் ஆவுது.

பயப்படாதீங்க, குடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கை நீட்ட மாட்டான், பொய் பேச மாட்டான். சித்திரை பொறந்தா மட்டும் பொண்ண உங்க ஊருக்குக் கூட்டிக்கினு போயிடுங்க, ஆனி வந்ததும் அனுப்புங்க. நல்லா இருப்பாங்க ரெண்டு பேரும்.

இதான் ஸ்டாப்பிங், எறங்குங்க. எனக்கு அடுத்தது. உப்புக் குவியலத் தாண்டி இடது கை பக்கம் போங்க. தண்ணியிலதான் நிப்பான். பேரச் சொல்லிக் கூப்டா காதுல விழாது, தண்ணி எத்தினி டிகிரின்னு கேளுங்க, ஒடனே திரும்புவான். என்னா சொன்னான்னு மறந்துடாதீங்கக்கா, அஞ்சி மணி பஸ்ஸுல நானும் வருவேன், எனக்குச் சொல்லணும். முப்பத்தஞ்சத் தாண்டிச்சுன்னா அதுங்க தாங்காது.